டிப்ரஷனுக்காக அட்மிட் ஆனவரின் வீட்டாருக்கு: குடும்பக் கூட்டம் பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களின் குடும்பத்தாருக்காக நடக்கும் கூட்டங்களில் தன்னார்வலராக இருக்கிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்து ஆட்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். வருவதற்கு முன்னால் போனிலும், வார்டுக்கு வெளியே டீக்கடையிலும் அவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

நோய் அவருக்கு. கிளாஸ் எங்களுக்கு எதுக்கு?

ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாள், மிஞ்சினால் சில வாரம். அதற்கப்புறம் மாத்திரை எடுத்துக் கொடுப்பது, தூங்கினாரா சாப்பிட்டாரா என்று பார்ப்பது, அடுத்த ஓ.பி. தேதியை நினைவில் வைப்பது எல்லாம் வீட்டார் தலையில்தான் விழுகிறது. இதை எப்படிச் செய்வது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. கூட்டம் அதற்குத்தான்.

பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்வேன். ஜப்பானில் கோச்சி என்ற ஊரில் (நம்ம கேரளத்துக் கொச்சி இல்லை) நடந்தது, 2011-ல் வெளிவந்தது. மொத்தம் 57 நோயாளிகள். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை. ஒரு பகுதியினரின் குடும்பத்துக்கு மட்டும் கூடுதலாக நான்கு வகுப்புகள். அந்த வகுப்புகளுக்கு நோயாளிகள் வரவே இல்லை, வீட்டார் மட்டும்தான். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், வகுப்புக்கு வந்த குடும்பங்களில் 8 சதவீதம் பேருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது. வகுப்பு இல்லாதவர்களில் 50 சதவீதம். சின்ன ஆய்வுதான், உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நாலே வகுப்புக்கு இவ்வளவு வித்தியாசமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கூட்டத்துல என்னதான் பண்ணுவீங்க? எல்லாரும் உக்காந்து அழுவோமா?

அழுகிறவர்கள் உண்டு, யாரும் தடுப்பதில்லை. ஆனால் இது முதலில் வகுப்பு. வழக்கமாக நாலு முதல் எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போல. முதல் பாதியில் மருத்துவரோ மனநல சமூகப் பணியாளரோ ஒரு விஷயத்தை விளக்குவார்: நோய் என்றால் என்ன, மாத்திரை எப்படி வேலை செய்கிறது, வீட்டில் எப்படிப் பேசுவது, நோய் திரும்புவதற்கு முன் என்னென்ன அறிகுறி தெரியும், அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது.

இரண்டாம் பாதிதான் எனக்குப் பிடித்தது. ஒரு குடும்பம் ஒரே ஒரு பிரச்சினையைச் சொல்லும். 'வாழ்க்கையே பிரச்சினை' என்றெல்லாம் சொல்லக் கூடாது, சின்னதாக, குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு அம்மா சொன்னது: 'பையன் குளிச்சு அஞ்சு நாள் ஆச்சு, சொன்னா சண்டை வருது.' சுற்றி இருப்பவர்கள் தங்களுக்குத் தோன்றிய வழிகளை எல்லாம் சொல்வார்கள். வெந்நீர் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுங்கள், முகம் கழுவினாலே போதும் என்று விடுங்கள், அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள், சாயங்காலம் சொல்லிப் பாருங்கள். எதையும் 'அது சரிப்படாது' என்று யாரும் வெட்டக் கூடாது. கடைசியில் அந்த அம்மாவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்த வாரம் செய்து பார்ப்பார், அடுத்த முறை வந்து எப்படிப் போனது என்று சொல்வார். பெரிய புத்திமதியைவிட இந்த மாதிரி ஒரு பக்கெட் வெந்நீர்தான் பல வீடுகளில் வேலை செய்திருக்கிறது.

இதெல்லாம் ஃபாரின் ஸ்டைல். நம்ம ஆளுங்களுக்கு ஒத்து வருமா?

குடும்பத்தை ஒதுக்கி வைத்ததுதான் வெளியிலிருந்து வந்தது. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளியின் வீட்டாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் சொந்தக்காரர் கூடவே தங்குவது நெடுநாள் வழக்கம். நம் ஊரில் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவர். அது முதன்மையாக மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கானது. ஆனாலும் நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் சென்னையில் வேரூன்றியதில் அதற்கு நல்ல பங்கு உண்டு.

எங்க போய் கேக்கறது? காசு எவ்ளோ?

அவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாரோ அங்கேயே தொடங்குங்கள். வார்டு மருத்துவரிடம், 'மனநல சமூகப் பணியாளர் யார், குடும்பத்தாருக்குக் கூட்டம் நடக்கிறதா' என்று கேளுங்கள். ஸ்டான்லி மாதிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கூட்டம் இல்லை என்று சொன்னால், ஒரு முறை குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசும்படி கேளுங்கள். மூன்று நாலு குடும்பம் சேர்ந்து கேட்டால் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. எங்கள் கூட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. யாராவது 'உறுப்பினர் கட்டணம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்லாதான் இருந்தாரு. நோயா, இல்ல வேலைக்குப் போக சோம்பலா?

சோம்பேறிக்குத் தனக்குப் பிடித்த வேலையில் சோம்பல் இருக்காது. கிரிக்கெட் மேட்ச், பிரியாணி, பேரப் பிள்ளை என்று தனக்குப் பிடித்ததுகூட வேண்டாம் என்று ஒருவர் வாரக்கணக்கில் கிடந்தால், விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு மறுபடி தூக்கம் வராமல் தவித்தால், எடை இறங்கினால், 'நான் பாரம்' என்று சொன்னால், அது நோய். குறைந்தது இரண்டு வாரம் நாள் முழுக்க இப்படி இருப்பதைத்தான் மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் வீட்டில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு வந்துவிட்டதால் இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்ப நாங்கதான் காரணமா? நான் திட்டினதாலயா?

இல்லை. பரம்பரை, உடம்பில் வேறு நோய், தைராய்டு, பிரசவம், குடி, கடன், துக்கம் என்று பல சேர்ந்து வருவது இது. ஒரு நாள் திட்டியதால் யாருக்கும் இந்த அளவு நோய் வராது.

ஆனால் இரண்டாவது பாதியையும் சொல்லியாக வேண்டும். நோய் வந்தபின் வீட்டில் ஓயாத குத்தலும் குறைசொல்லலும் இருந்தால், அது திரும்பி வர வாய்ப்பு கூடுகிறது. லண்டனில் செய்து 1976-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களைவிட மனச்சோர்வு உள்ளவர்கள் மிகக் குறைந்த குறைசொல்லலுக்கே மறுபடி நோயில் விழுந்தார்கள் என்று கண்டார்கள். நோய் வந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை, இனி வீட்டில் பேசுவது எப்படி என்பது உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே கூட்டத்துக்கு வந்த பலன் கிடைத்துவிட்டது என்பேன்.

மாத்திரை பழக்கம் ஆயிடும்னு பக்கத்து வீட்டக்கா சொல்றாங்களே?

மனச்சோர்வுக்கான மாத்திரை போதை தருவதில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லி உடம்பு கேட்பதும் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரலாம். அதனால்தான் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகள் வேறு வகை. அவைதான் பழக்கமாகக் கூடியவை, கொஞ்ச நாளுக்கு மட்டும் தருவார்கள். சீட்டைக் கொண்டுபோய் எது எந்த வகை என்று கேட்டு, அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

இரண்டு விஷயம் கூடவே. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். 'பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் ஆகல' என்று தூக்கிப்போட வேண்டாம். சரியான பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டியிருக்கும், முன்பே வந்து போன நோய் என்றால் இன்னும் அதிகம். 'இப்ப நல்லாயிட்டேன்' என்ற நாளில்தான் பெரும்பாலான வீடுகளில் மாத்திரை நிற்கிறது.

ஷாக் வைக்கணும்னு சொல்றாங்க. பயமா இருக்கு.

சினிமாவில் பார்த்த காட்சியை மறந்துவிடுங்கள். இப்போது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அவை இல்லாமல் செய்வதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாப்பாடே இறங்காதவர்கள், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள், மாத்திரைக்குக் கேட்காதவர்கள் ஆகியோருக்கு இது வேகமாக வேலை செய்யும் சிகிச்சை. அந்த நாட்களை ஒட்டிய நினைவுகள் கலங்கலாம், பெரும்பாலும் கொஞ்ச காலத்தில் தெளியும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் எத்தனை முறை, ஏன், வேறு வழி என்ன என்று கேட்பது உங்கள் உரிமை.

'கீழ்ப்பாக்கம்'னு சொன்னாலே சிரிக்கறாங்க. வெளிய எப்படி சொல்றது?

சென்னையில் அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். இத்தனைக்கும் 1794-ல் தொடங்கிய அந்த மருத்துவமனை இப்போது இருப்பது அயனாவரத்தில். யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதை நோயாளியிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். 'உடம்பு முடியாம ஆஸ்பத்திரியில இருந்தாரு, இப்ப தேவல' என்பது பொய் இல்லை. தெரு முழுக்க விளக்கம் கொடுக்கக் கடமை இல்லை. ஆனால் மாத்திரை வாங்கி வரவும் அவசரத்தில் ஓடி வரவும் ஒரு ஆளுக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

எங்க தெருக்காரங்களே அந்தக் கூட்டத்துல இருந்தா?

இருப்பார்கள். வடசென்னையில் இரண்டு தெரு தாண்டினால் சொந்தக்காரர். ஒரு முறை ஒரு கூட்டத்தில் மாமியார் வீட்டுப் பக்கத்து ஆளும் மருமகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம் சரியானது, அது வேறு கதை. இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் எல்லார் வாயாலும் சொல்ல வைக்கிறோம். பெயர் சொல்லாமல் 'என் வீட்டுக்காரர்', 'என் தங்கச்சி' என்றே பேசலாம். அப்படியும் சங்கடமாக இருந்தால் வேறு கிழமைக் கூட்டத்துக்கோ வேறு மருத்துவமனைக் கூட்டத்துக்கோ போங்கள், நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

ஒரே ரூம் வீடு, ஆறு பேர் இருக்கோம். 'அவருக்கு அமைதி குடுங்க'ன்னா எங்க குடுக்கறது?

அச்சடித்த கையேடுகளில் 'தனி அறை, அமைதியான சூழல்' என்று போட்டிருக்கும். ஹவுசிங் போர்டு வீட்டில் வாழ்கிறவர்களை எழுதியவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. இடம் இல்லாவிட்டால் நேரத்தைப் பங்கு போடலாம். டி.வி. இரவு ஒன்பதரைக்கு நின்றுவிடும் என்று ஒரு விதி. பிள்ளைகள் சத்தமாகப் படிப்பது மாடியிலோ வராந்தாவிலோ. காலையில் எல்லாரும் கிளம்பிய பின் ஒரு மணி நேரம் வீட்டில் அவரும் இன்னொருவரும் மட்டும். சுவரோரம் அவருக்கென்று ஒரு மூலை, பழைய புடவையில் ஒரு திரை. திரை சும்மா துணிதான், ஆனால் யாரும் அதைத் தாண்டி வந்து 'என்ன, தூங்கறியா' என்று கேட்கக் கூடாது என்பது ஒரு ஏற்பாடு.

இரண்டாவது, ஒரே ரூம் என்பதால் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு அவருக்கு வரும். டிஸ்சார்ஜ் ஆகி வந்த ஒருவர் சொன்னார்: 'நான் தண்ணி குடிச்சாக்கூட நாலு கண்ணு பாக்குது.' கண்காணிக்க வேண்டியது உண்மைதான், முக்கியமாக முதல் சில வாரங்களில். அதை ஒருவர் மட்டும் முறை வைத்துச் செய்யட்டும். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கட்டும். வெயில் ஏறுவதற்கு முன் அவரோடு யாராவது கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தால் இரண்டு பேருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். பேச்சு வேண்டியதில்லை.

மூன்றாவது, விசாரிக்க வருகிறவர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து 'உனக்கென்ன குறை, தங்கமான பொண்டாட்டி' என்று தொடங்குவார்கள். வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து 'இப்பதான் மாத்திரை போட்டு படுத்தாரு அண்ணே' என்று டீ கொடுத்து அனுப்பினால் போதும். பெரும்பாலும் இந்த வேலைக்கு வீட்டிலிருக்கும் பாட்டிதான் சரியான ஆள்.

என்ன பேசறதுன்னே தெரியல. வாயைத் திறந்தா தப்பாயிடுது.

'மனச தைரியமா வச்சுக்கோ', 'உன்னவிட கஷ்டப்பட்டவங்க இல்லையா', 'பிள்ளைங்கள நினைச்சுப் பாரு' ஆகிய மூன்றையும் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வையுங்கள். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் கேட்பவருக்கு 'உன்னால் முடியாதது உன் தப்பு' என்றே விழுகிறது. 'ரொம்பக் கஷ்டமா இருக்கா?', 'நான் இங்கதான் இருக்கேன்', 'இட்லி ரெண்டு வைக்கட்டுமா, அப்புறம் சாப்பிடறியா?' இவை போதும். பதில் வராவிட்டால் பரவாயில்லை.

குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள். 'நீ எப்பவும் இப்படித்தான்' என்பதற்கும் 'நேத்து மாத்திரை போடாதது எனக்கு பயமா இருந்துச்சு' என்பதற்கும் உள்ள தூரம் கூட்டத்தில் ஒரு முழு அமர்வுக்கான பாடம்.

சாகணும்னு சொன்னவரு. திரும்ப அதப் பத்திக் கேட்டா நாமளே ஞாபகப்படுத்தற மாதிரி ஆயிடாதா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று பலருக்கு நெஞ்சு இளகுகிறது. நேராகவே கேளுங்கள்: 'சாகணும்னு இன்னும் தோணுதா?' ஆம் என்றால் திட்டாமல், சத்தியம் வாங்காமல், தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரைகளை வேறொருவர் பூட்டி வைத்து அந்தந்த வேளைக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும். பூச்சிமருந்து, எலிமருந்து வீட்டில் இருக்கவே வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் அதிகக் கவனம் வேண்டிய காலம். முகம் தெளிந்து நடமாடத் தொடங்கும்போதும் அசந்துவிடாதீர்கள். உடம்புக்குத் தெம்பு முதலில் வரும், மனம் பின்னால்தான் வரும். இளவயதினருக்கு மருந்து தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடினால் உடனே சொல்ல வேண்டும். ராத்திரி நேரத்தில் பேச 14416 (டெலி மனாஸ், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை), தமிழக அரசின் 104, சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் சிநேகா 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் போனில் நேரம் கடத்தாமல் 108-ஐ அழைத்து அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியில ஏ.ஆர். என்ட்ரி போட்டாங்க. போலீஸ் கேஸ் ஆயிடுமா?

ஏ.ஆர். என்பது விபத்துப் பதிவேடு. தற்கொலைக்கு முயன்று வருகிறவர்களை அதில் என்ட்ரி போடுவது மருத்துவமனையின் நடைமுறை, அதனால் தண்டனை வரும் என்று இல்லை. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்க அப்படி மிரட்டி முயன்றால் மட்டும்தான் தனிப் பிரிவு. போலீசார் வந்து விசாரித்தால் நடந்ததைச் சொல்லுங்கள். பயந்துகொண்டு 'தவறி விழுந்துட்டாரு' என்று மருத்துவரிடமும் மறைத்தால் சிகிச்சை தப்பாகப் போகும்.

செய்வினைன்னு சொல்றாங்க. மந்திரிச்சுப் பாக்கலாமா?

கயிறு கட்டுங்கள், வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், தேவாலயத்தில் ஜெபம் வையுங்கள், தர்காவில் ஓதுங்கள். கூட்டத்தில் யாரும் உங்களைக் கிண்டல் செய்ய மாட்டார்கள். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு சேர்த்து அரசு மனநல சிகிச்சையும் தரப்படுகிறது. மூன்று விஷயத்துக்கு மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை: மாத்திரையை நிறுத்தச் சொல்வது, பட்டினி போடுவது, அடிப்பது அல்லது கட்டி வைப்பது. இவற்றில் ஒன்றைச் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு ஆளை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

டாக்டர் எங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. பெத்தவங்களுக்குக் கூடவா ரகசியம்?

நோயாளியின் விவரத்தைக் காப்பது மருத்துவரின் சட்டக் கடமை. ஆனால் நோயாளி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டு ஒருவரைத் தன் நியமனப் பிரதிநிதியாக வைத்துக்கொள்ளலாம். அவருக்கு சிகிச்சை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஆள் கொஞ்சம் தெளிந்திருக்கும் நாளில் 'யார் உனக்காகப் பேசட்டும்?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெற்றவர்களை விட்டுவிட்டுத் தங்கையின் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. மருத்துவர் உங்களிடம் சொல்லக் கூடாதே தவிர, நீங்கள் அவரிடம் சொல்லத் தடை இல்லை. தூக்கம், சாப்பாடு, பேச்சு, பழைய சம்பவங்கள் என்று பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

'கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவேன்'னு அடம் பிடிக்கறாரு. விடலாமா?

தானே சம்மதித்துச் சேர்ந்தவர் கேட்டால் அனுப்ப வேண்டும் என்பதுதான் சட்டம். ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். ஆபத்து என்று கண்டால் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்தபின், 30 நாள் வரை சேர்க்கும் வழி தனியாக உண்டு. நீங்களே அழுது அடம் பிடித்து அழைத்து வருவது மட்டும் வேண்டாம். 'ஏன் வரணும்னு தோணுது?' என்று கேட்டால் பல நேரம் காரணம் சின்னதாக இருக்கும்: பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டை, கழிப்பறை, வீட்டு வாடகைக் கவலை.

எப்ப வேலைக்கு அனுப்பலாம்? போட்டுக்குப் போகலன்னா பட்டினிதான்.

காசிமேட்டுக்காரர்கள் பலரும் கேட்பது. மருத்துவர் சரி என்று சொன்னபின், முழு வேலைக்கு முன் பாதி வேலை. கடலுக்குப் போகுமுன் வலை சரிபார்ப்பது, கரை வேலை என்று தொடங்கலாம். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், படகு, லாரி, கிரேன் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் சிலருக்கு ஓய்வாக அமைகிறது, சிலருக்குக் கடன் கவலையால் நோய் கிளறுகிறது. அந்த மாதங்களில் ஓ.பி.யைத் தவறவிடாதீர்கள். குடியைப் பற்றித் தனியாகச் சொல்லவில்லை: மாத்திரை சாப்பிடும் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைங்களுக்கு என்ன சொல்றது?

அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், காரணம் மட்டும் தெரியாது. 'அம்மாவுக்கு மனசுல நோய், உன்னால வந்தது இல்ல, டாக்டர் பாக்கறாரு' என்று வயதுக்கேற்பச் சொல்லுங்கள். 'உன்னால வந்தது இல்ல' என்பதை விட்டுவிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளையை இரவுக் காவலுக்கு வைக்காதீர்கள்.

பொண்ணுக்கு வரன் வருது. மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமா?

கூட்டத்தில் அதிகச் சண்டை வரும் கேள்வி இது. 'சொன்னால் வரன் போய்விடும்' என்பவர்களின் பயம் நியாயமானது, சில வரன்கள் போகத்தான் செய்யும். ஆனால் மறைத்துக் கட்டிக்கொடுத்தால் அந்தப் பெண் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டும். கொஞ்ச நாளில் நிறுத்திவிடுவாள், மேலே மாத்திரை பற்றிய பதிலில் சொன்னதெல்லாம் புகுந்த வீட்டில் நடக்கும். என் அபிப்பிராயம்: முதல் பேச்சிலேயே வேண்டாம், நிச்சயத்துக்கு முன் கட்டாயம் வேண்டும். சொல்வது அவளாக இருக்கட்டும், மாப்பிள்ளையிடம் நேரடியாக. மருத்துவரை ஒரு முறை இருவரும் சேர்ந்து பார்த்த வீடுகள் உண்டு. அதற்கு முன் இன்னொரு கேள்வி: இப்போது கல்யாணம் வேண்டும் என்று அவள் சொன்னாளா? 'கல்யாணம் பண்ணா சரியாயிடும்' என்பது சிகிச்சை இல்லை.

மெடிக்கல் இன்சூரன்ஸ்ல இது வருமா?

உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. 2022 அக்டோபரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு இதை வலியுறுத்தியது. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

எனக்கே இப்ப தூக்கம் இல்ல, அழுகையா வருது. இதையும் கூட்டத்துல சொல்லலாமா?

சொல்லுங்கள். பார்த்துக்கொள்கிறவருக்கும் இதே நோய் வருவது சாதாரணம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அவருடைய சீட்டோடு உங்களுக்கும் ஒரு ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். வாரத்தில் ஒரு அரை நாள் வேறு யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது ஒரே பெண்ணின் தலையில் இருக்கிறது, 'அண்ணனும் வந்து ஞாயித்துக்கிழமை பாத்துக்கட்டும்' என்று கூட்டத்தில் வைத்தே அண்ணனிடம் கேட்டிருக்கிறோம். ஆகவே முடிந்தால் வீட்டிலிருந்து இரண்டு பேராக வாருங்கள்.

நடுவுல வர்றத விட்டுட்டோம். இப்ப மறுபடி அட்மிட். திரும்ப வந்தா ஏதாவது சொல்வீங்களா?

ஒன்றும் சொல்ல மாட்டோம், நாற்காலி போடுவோம். இந்த நோய் ஒரு முறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மறுபடி வருகிறது. வரும்போது இந்த முறை அட்மிட் ஆவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் என்னென்ன மாறியது என்று நினைவுபடுத்தி எழுதிக் கொண்டு வாருங்கள்: தூக்கம் எப்போது குறைந்தது, போன் எடுப்பதை எப்போது நிறுத்தினார், மாத்திரை எப்போது நின்றது. அந்தத் தாளிலிருந்துதான் அடுத்த அமர்வைத் தொடங்குவோம்.